பென்சில்வேனியாவுக்கு வரவிருக்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். ஜனவரியில் ஹாரிஸ்பர்க்கில் வேலைக்குச் சேர வேண்டும், மனைவியும் இரண்டு வயதுக் குழந்தையும் உடன் வருகிறார்கள், ஆனால் "அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வரும் என்கிறார்களே, இந்த நேரத்தில் குடும்பத்தோடு போகலாமா" என்று அப்பா தடுக்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். கூடவே வாடகை, கார், பள்ளி, கோட்டு என்று வேறு பலவும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பதில் சொல்ல இங்கே ஆள் நிறைய உண்டு. போரைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் "அதெல்லாம் ஒன்றும் வராது" என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் அப்பாவின் பயம் வீண் பயமில்லை. 2022 ஆகஸ்டில் யூகவ் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், அடுத்த பத்தாண்டுகளுக்குள் உள்நாட்டுப் போர் மூளக்கூடும் என்று அமெரிக்கர்களில் 43 சதவீதம் பேர் சொன்னார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2024 ஜூலையில் பட்லர் என்ற ஊரில் பிரசார மேடையில் நின்ற டிரம்ப் சுடப்பட்டார். 2025 ஏப்ரலில் ஹாரிஸ்பர்க்கில் ஆளுநர் ஷபீரோ குடும்பத்தோடு உறங்கிக்கொண்டிருந்த வீட்டுக்கு ஒருவன் தீ வைத்தான். ஜூனில் மினசோட்டாவில் மாநில அவை உறுப்பினர் மெலிசா ஹோர்ட்மனும் கணவரும் வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். செப்டம்பரில் யூட்டாவில் கல்லூரி வளாகத்தில் வலதுசாரிப் பிரசாரகர் சார்லி கிர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். இவற்றில் முதல் இரண்டும் நீங்கள் வரப்போகும் மாநிலத்தில் நடந்தவை.

ஆனாலும் இதைப் போர் என்று நான் சொல்லமாட்டேன். ஹாரிஸ்பர்க்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் கெட்டிஸ்பர்க் வந்துவிடும். 1863 ஜூலை 1 முதல் 3 வரை அங்கே நடந்த உள்நாட்டுப் போர்ச் சண்டையில் மாண்டவர்கள், காயமடைந்தவர்கள், காணாமல் போனவர்கள், பிடிபட்டவர்கள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 51,000 பேர். வந்த முதல் கோடையிலேயே அந்த வயல்களைப் போய்ப் பாருங்கள். அந்தப் போரில் ஒரு பக்கம் பிரிந்துபோன 11 மாநிலங்கள் இருந்தன. தனித் தலைநகரும் தனிப் படையும் இருந்தன. கிட்டத்தட்ட 40 லட்சம் அடிமைகளின் உழைப்பைக் கைவிட மறுத்த முதலாளிகள் இருந்தார்கள். வடக்கு, தெற்கு என்று வரைபடத்தில் கோடு கிழிக்க முடிந்தது. இன்று அப்படிக் கிழிக்க இடமில்லை. ஹாரிஸ்பர்க் நகரம் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கிறது. சஸ்குவெஹானா ஆற்றைத் தாண்டினால் கம்பர்லாந்து கவுண்டி (மாவட்டம்) டிரம்பின் குடியரசுக் கட்சிப் பக்கம். காலையில் அக்கரைக்காரர்கள் பாலம் ஏறி இக்கரைக்கு வேலைக்கு வருகிறார்கள். ஊடும் பாவும் போல் கலந்து கிடப்பவர்கள் எந்த எல்லையில் படை நிறுத்துவார்கள்?

நீங்கள் பயப்பட வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, துப்பாக்கியோடு கிளம்பும் தனி ஆள். இன்னொன்று, குடியுரிமை இல்லாதவர்மேல் மட்டும் பாயும் சட்டம்.

நான் வந்தது 2000 நவம்பரில், நியூ ஜெர்சியின் எடிசனுக்கு. என்னை அழைத்து வந்த கன்சல்டன்சி, வேலை கிடைக்கும்வரை சம்பளம் தரவில்லை. சட்டப்படி தர வேண்டும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்த சீனியர்களும் வாய் திறக்கவில்லை. அவர்களை இன்றும் நான் மன்னிக்கவில்லை. ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டு டிவி பார்த்தோம். யார் ஜனாதிபதி என்பதே முடிவாகாத நேரம் அது. ஃபுளோரிடாவில் அதிகாரிகள் வாக்குச்சீட்டுகளை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வித்தியாசம் 537 வாக்குகள். டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மறுநாள் வேட்பாளர் அல் கோர் தொலைக்காட்சியில் தோன்றித் தோல்வியை ஏற்றுக்கொண்டார். வெளியே ஒரு கல் விழவில்லை. இந்த நாட்டின்மேல் எனக்கு மரியாதை பிறந்தது அன்றைக்குத்தான். அதனால்தான் 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் ஜன்னல்களை உடைத்துக்கொண்டு, டிரம்பின் தோல்வியை ஏற்காத கூட்டம் உள்ளே நுழைந்ததைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. அவர்களில் சுமார் 1,500 பேருக்கு 2025 ஜனவரியில் பொதுமன்னிப்புக் கிடைத்தது. எனக்கு அந்தக் காயம் ஆறவில்லை.

தனி ஆளின் துப்பாக்கியை நான் லேசாகச் சொல்லவில்லை. 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவில் பெட்ரோல் நிலையம் நடத்திய சீக்கியர் ஒருவர், தலைப்பாகை கட்டிய ஒரே காரணத்துக்காகக் கொல்லப்பட்டார். 2017 பிப்ரவரியில் கான்சாஸின் ஒலேத்தாவில் ஐதராபாத்துப் பொறியாளர் ஒருவரை "என் நாட்டை விட்டு வெளியே போ" என்று கத்தியபடி ஒருவன் சுட்டான். தடுக்கப் பாய்ந்த வெள்ளை அமெரிக்கர் ஒருவரும் குண்டடி பட்டார். சுட்டவன், தடுக்கப் பாய்ந்தவர் என்ற இந்த இரண்டு மனிதர்களையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். முன்பின் தெரியாத வீட்டு வாசல்வழியில் இரவில் காரைத் திருப்பாதீர்கள். 2023 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்துக் கிராமப்புறத்தில் அப்படி வழி தவறி நுழைந்த காரிலிருந்த 20 வயதுப் பெண்ணைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

இனிச் சட்டம். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்திலேயே இங்கே வாக்காளர் பதிவும் நடக்கும். குடிமகன் இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவசரத்தில் தவறான இடத்தில் கையெழுத்திட்டால் நாடு கடத்தும்வரை போகும். நாட்டுக்குள் நுழைந்ததைப் பதிவு செய்யும் ஐ-94 தாளை எப்போதும் கையில் வைத்திருங்கள். வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரியைத் தெரிவியுங்கள். யாருடைய சாவையும் கொண்டாடி இணையத்தில் எழுதாதீர்கள். கிர்க் கொலை பற்றி எழுதியதற்காக 2025 அக்டோபரில் வெளிநாட்டவர் ஆறு பேரின் விசாவை ரத்து செய்தார்கள். தற்காப்புக்குத் துப்பாக்கி வாங்கச் சொல்லும் நம் ஆட்களும் இருக்கிறார்கள். மிகச் சில விலக்குகள் தவிர, உங்கள் விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம்.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் கட்சிச் சண்டை போட்டு முப்பது வருட நட்பை முறித்துக்கொண்டவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் பெயர் மட்டும் அவர்களுக்குத் தெரியாது. என் வலப்பக்கத்து வீட்டில் டிரம்ப் பதாகை, இடப்பக்கத்தில் கமலா ஹாரிஸ் பதாகை. இரண்டு வீட்டு வாசலிலும் நான் பனி தள்ளியிருக்கிறேன். என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது இரண்டு வீட்டிலிருந்தும் சாப்பாடு வந்தது. தன்னார்வத் தீயணைப்பு நிலையம் நிதி திரட்டக் கோழியை நெருப்பில் வாட்டி விற்கும் நாளில் நானும் போய்ப் பரிமாறுவேன்.

குடியுரிமை பெற்ற பிறகு 2020 தேர்தலில் வாக்குச்சாவடி எழுத்தராக உட்கார்ந்தேன். பென்சில்வேனியாவில் ஒவ்வொரு சாவடியிலும் 'தேர்தல் நீதிபதி' எனப்படும் ஒரு பொறுப்பாளர், பெரும்பான்மைக் கட்சிக்கு ஓர் ஆய்வாளர், சிறுபான்மைக் கட்சிக்கு ஓர் ஆய்வாளர் என்று அமைப்பு உண்டு. எங்கள் ஆய்வாளர்கள் இரண்டு மூதாட்டிகள். கருத்தில் எதிரும் புதிருமானவர்கள். ஆனால் எண்ணிக்கை ஒத்துப்போகும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. தபால் வாக்குகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் பிரிக்கக் கூடாது என்பது இங்குள்ள சட்டம். அதனால்தான் முடிவு சனிக்கிழமைவரை இழுத்தது. அந்த இடைவெளியில்தான் மோசடி என்ற பேச்சு ஊதிப் பெருத்தது. அதை நம்பிய பலர் அந்த மூதாட்டிகளின் தெருவிலேயே குடியிருப்பவர்கள். இவர்களை ஒரு நாளாவது சாவடிக்குள் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும் என்று கட்சி வித்தியாசம் பாராமல் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிலர் வந்தார்கள்.

உங்கள் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் என்னோடு பேச விரும்பினால் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசலாம். வாடகைக்கு மெக்கானிக்ஸ்பர்க், கேம்ப் ஹில் பக்கம் பாருங்கள். குளிர்க் கோட்டு இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட வேண்டாம்.