வெட் லீஸை விடுங்கள், உங்கள் பாண்டை எடுத்துப் படியுங்கள்

கேள்வி: இந்திய விமான நிறுவனம் ஒன்றில் மூன்றரை ஆண்டுகளாக கோ-பைலட்டாக இருக்கிறேன். வெளிநாட்டுத் தடங்களுக்குப் பெரிய விமானங்கள் வரப்போகின்றன, அவற்றை ஓட்டப்போவது நீங்கள்தான் என்று சொல்லித்தான் எங்களைச் சேர்த்தார்கள். இப்போது ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு கூட்டு வைத்து, அவர்களுடைய விமானத்தை அவர்களுடைய விமானிகளைக் கொண்டே ஓட்டுகிறார்கள். இதற்கு வெட் லீஸ் என்று பெயர். எங்கள் அப்கிரேடு, அதாவது பதவி உயர்வு, தள்ளிக்கொண்டே போகிறது. வளைகுடா நிறுவனம் ஒன்று அடுத்த மாதமே வரச் சொல்கிறது. எனக்கு ஆறு மாத நோட்டீஸ், ஐந்தாண்டு பாண்டில் (அதற்குமுன் விலகினால் பணம் கட்டுகிறேன் என்று எழுதிக்கொடுத்த ஒப்பந்தம்) இன்னும் ஒன்றரை ஆண்டு பாக்கி. நிறுவனமே வாக்கை மீறிவிட்டதால் நோட்டீஸ் தரத் தேவையில்லை என்கிறார் ஒரு நண்பர். பதினான்கு பேர் சேர்ந்து ஒரே நாளில் உடல்நலமில்லை என்று விடுப்புப் போடலாமா, வெட் லீஸை எதிர்த்து வழக்குப் போடலாமா என்றும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம், கூட்டத்தில் நிர்வாகம் சொன்ன வார்த்தைகளுக்கும் வெளிநாட்டு விமானிகளுக்குத் தரும் சம்பளத்துக்கும் ஹோட்டலுக்கும் போய்விட்டது. கோபம் நியாயமாக இருக்கலாம். நான் தேடியது ஒரே ஒரு வரியைத்தான்: இன்ன தடத்தை எங்கள் விமானிகளே ஓட்டுவார்கள் என்று நிறுவனம் எங்காவது எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறதா? நீங்கள் அனுப்பிய நியமனக் கடிதத்தில் இல்லை. பாண்டிலும் இல்லை. இருப்பதெல்லாம், நிறுவனத்தின் தேவைக்கேற்ப எந்த விமானத்திலும் எந்தத் தளத்திலும் பணிபுரிய உங்களுக்குச் சம்மதம் என்ற வரிதான். வெட் லீஸ் பற்றிய உங்கள் வழக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

அமெரிக்க விமானிகள் இதை எதிர்த்து நிற்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே பெரிய நிறுவனங்களில் சங்கம் போடும் கூட்டு ஒப்பந்தத்தில் ‘ஸ்கோப்’ என்றொரு பிரிவு இருக்கும். எந்தப் பறத்தலை யாரிடம் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு அதில் வரம்பு கட்டியிருப்பார்கள். அப்படி இருந்தும் 2010-ல் யுனைடெட், ஏர் லிங்கஸ் கூட்டில் வாஷிங்டன்–மாட்ரிட் விமானம், யுனைடெட் விமானி ஒருவர்கூட இல்லாமல் பறந்தது. எழுதி வாங்கியவர்களுக்கே அந்தக் கதி. உங்களிடம் இருப்பது தனித்தனி நியமனக் கடிதம், எழுதி வாங்கியது எதுவுமில்லை.

விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ வெட் லீஸுக்குக் கொடுத்த அனுமதியை எதிர்த்து ரிட் மனு போடுவதும் வீண் செலவு. இந்தக் குத்தகைகளை அனுமதிப்பதும் நீட்டிப்பதும் அரசின் கொள்கை முடிவு என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். இண்டிகோ, டர்கிஷ் ஏர்லைன்ஸிடம் எடுத்த இரண்டு போயிங் 777 விமானங்களுக்கு 2025 ஆகஸ்ட் 31 வரைதான் அனுமதி, இதுவே கடைசி என்று மே மாதம் சொன்னார்கள். ஆகஸ்டில் அந்தக் கடைசி இன்னொரு ஆறு மாதம் நீண்டது. வெளிநாட்டு விமானிகளுக்கான ஃபாட்டா அனுமதி இல்லை என்ற உங்கள் நண்பரின் வாதமும் நிற்காது. ஃபாட்டா, இந்தியப் பதிவுள்ள விமானத்தை ஓட்ட வரும் வெளிநாட்டவருக்கானது. வெட் லீஸில், கேபின் ஊழியர்களில் சிலரையாவது நாமே வைத்துக்கொள்ளும் டாம்ப் லீஸிலும்தான், விமானம் அந்த நாட்டுப் பதிவிலேயே இருக்கிறது. அந்த நாட்டு உரிமத்தோடுதான் அவர்கள் ஓட்டுகிறார்கள்.

தொழிலாளர் சட்டத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. பணி நிலைமையை மாற்றினால் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்ற பிரிவு பழைய 1947 தொழில் தகராறுச் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் உங்கள் சம்பளம் குறையவில்லை, ஆள்குறைப்பும் நடக்கவில்லை. முன்னறிவிப்புத் தேவைப்படும் மாற்றங்களின் பட்டியலில் பதவி உயர்வு தள்ளிப்போவது இல்லை. நாளைக்கு ஆள்குறைப்பு என்று வந்தால் அப்போது வாருங்கள், பேசலாம்.

சரி, இனி உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருவோம். இதுவரை நீங்கள் குறைகூறுகிற ஆள். நோட்டீஸ் இல்லாமல் கிளம்பிய மறுநாள் பிரதிவாதி.

அவர்கள் வாக்கை மீறினார்கள், நான் விடுபட்டேன் என்ற வாதம், அவர்கள் மீறியது ஒப்பந்தத்தின் உயிர்நாடியாக இருந்தால்தான் செல்லும். மாதக்கணக்கில் சம்பளம் வராமல் இருந்திருந்தால் என் பதில் வேறு. கூட்டத்தில் சொன்ன ஆசை வார்த்தை ஒப்பந்தம் ஆகாது.

டிஜிசிஏ 2017 ஆகஸ்டில் திருத்திய விதிப்படி கேப்டனுக்குப் பன்னிரண்டு மாதம், கோ-பைலட்டுக்கு ஆறு மாதம் நோட்டீஸ். நிறுவனம் என்.ஓ.சி., அதாவது ஆட்சேபமில்லை என்ற சான்று, கொடுத்தால் குறையும். நோட்டீஸ் இல்லாமல் போய், அதனால் கடைசி நேரத்தில் விமானங்கள் ரத்தானால் அது பொதுநலனுக்கு எதிரான செயல் என்றும் அதே விதி சொல்கிறது. அந்த விதி செல்லுமா என்று விமானிகள் தரப்பு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது தெரியும். விதி நாளையே விழுந்தாலும் உங்கள் ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதிக்கொடுத்த ஆறு மாதம் அப்படியே இருக்கும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

உங்களைக் கட்டாயப்படுத்தி காக்பிட்டில் உட்காரவைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. உங்கள் நண்பர் இவ்வளவைத்தான் படித்திருக்கிறார். ஆனால் பணம் கேட்கலாம். 2023-ல் ஆகாசா ஏரில் 43 விமானிகள் திடீரென்று விலகினார்கள். நிறுவனம் அவர்களில் சிலர்மீது மும்பை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நாங்கள் மும்பையில் இல்லையே என்ற ஆட்சேபத்தைத் தாண்டி, அங்கேயே வழக்கு நடத்த அனுமதியும் வாங்கியது. கேட்ட தொகை கோடிகளில். கேட்பதெல்லாம் கிடைத்துவிடாது என்பது உண்மைதான், ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஆனால் அதை நிரூபித்து முடிப்பதற்குள் எத்தனை வருடம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாண்டெல்லாம் செல்லாது என்று இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கி, தொகையும் சிறியது. உங்கள் பாண்டுத் தொகையைக் குறைக்க வாதிடலாம். மொத்தமாகத் தூக்கி எறிய முடியாது.

என்னிடம் வந்த விமானிகள் அதிகம் மாட்டிக்கொண்டது சிவில் வழக்கில் அல்ல, செக்கில். சேரும்போது பாண்டோடு சேர்த்து, தேதியும் தொகையும் எழுதாத செக்குகளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்த உற்சாகத்தில் யாரும் அதைக் கணக்கில் வைப்பதில்லை. ஒருவர் வேலையை விட்டு, வெளிநாட்டில் வீடு பிடித்து, குடும்பத்தையும் அழைத்துக்கொண்டார். எட்டாவது மாதம் சம்மன் இங்கே அவருடைய அப்பா வீட்டுக்கு வந்தது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு, செக் பணமாகாமல் திரும்பிய வழக்கு. அவர் வங்கியில் ‘ஸ்டாப் பேமென்ட்’ கொடுத்திருந்தார், அதுவும் இந்தப் பிரிவுக்குள்தான் வரும். வெற்றுச் செக்கானாலும் கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகத்தான் கொடுத்தீர்கள் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். 2019-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. விடுப்பு எடுத்து விமானம் ஏறி நான்கு முறை ஆஜரானபின், முதலில் கேட்டதைவிடக் கூடுதலாகக் கொடுத்து சமாதானமானார்.

கூட்டு விடுப்பு வேண்டாம். பழைய சட்டத்தில் விமானப் போக்குவரத்து பொதுப் பயன்பாட்டுச் சேவையாக இருந்தது, முன்னறிவிப்பில்லாத வேலைநிறுத்தம் அப்போதும் இப்போதும் சட்டவிரோதம். புதிய சட்டத் தொகுப்பு, பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் எடுக்கும் தற்செயல் விடுப்பையும் வேலைநிறுத்தம் என்கிறது. பதினான்கு பேர் பாதி இல்லையே என்று மகிழ வேண்டாம், ஒழுங்கு நடவடிக்கைக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் ஊழியர்கள் கூட்டாக விடுப்புப் போட்டபோது, இருபத்தைந்து பேருக்கு ஒரே நாளில் பணிநீக்கக் கடிதம் போனது. மத்திய தொழிலாளர் ஆணையர் முன் பேசித்தான் திரும்ப எடுத்தார்கள். அவர்களோடு நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். உங்கள் பதினான்கில் எத்தனை பேர் கடைசிவரை நிற்பார்கள்? அப்புறம், உங்கள் வாட்ஸ்அப் குரூப். அதில் ஒருவர் பின்வாங்கும் நாளில் முழு உரையாடலும் நிறுவனத்தின் சாட்சி ஆவணமாகிவிடும். வெள்ளிக்கிழமை எல்லாரும் ‘சிக்’ என்று எழுதியவர் நீங்கள்தான் என்று கடிதத்தில் பெருமையாகவே சொல்லியிருக்கிறீர்கள். இனி அங்கே எதுவும் எழுதாதீர்கள். அழிக்கவும் செய்யாதீர்கள், அழித்தது இன்னும் மோசமாகத் தெரியும்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். வளைகுடா நிறுவனத்திடம் சேரும் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். இங்கே நோட்டீஸ் நீளம் என்பது அவர்களுக்குப் புதிதல்ல. ராஜினாமாவை இரண்டே வரியில் எழுதுங்கள், வெட் லீஸ், துரோகம் என்ற சொற்கள் அதில் வேண்டாம். நோட்டீஸ் காலத்தில் கொடுக்கும் டூட்டியை ஓட்டுங்கள். கூடவே ஒரு பேரம்: மூன்று மாதம் வேலை செய்கிறேன், மீதி நோட்டீஸுக்குப் பணம் தருகிறேன், பாண்டில் முடித்த காலத்தைக் கழித்து எஞ்சியதைக் கட்டுகிறேன். முதலில் முடியாது என்பார்கள். பெரும்பாலும் மனிதவளத் துறையோடு நிற்காமல் ஃப்ளைட் ஆபரேஷன்ஸ் தலைமை வரை போனால் நகரும். பணம் கட்டும் அதே நாளில் என்.ஓ.சி., பறந்த மணி நேரச் சான்று, பயிற்சிப் பதிவுகள், நிலுவை இல்லை என்ற கடிதம், செக்குகள் எல்லாம் கைக்கு வரவேண்டும். பிறகு அனுப்புகிறோம் என்றால் பணத்தையும் பிறகே கட்டுங்கள்.

எத்தனை செக் கொடுத்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவேயில்லை. பழைய செக் புத்தகத்தின் அடிக்கட்டையைத் தேடி எண்களைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு ராஜினாமாவை அனுப்புங்கள்.