சிப்பி அடைகாக்குமா?

அண்ணே வணக்கம். கௌதாரியையும் கண்மாய்ச் சிப்பியையும் ஒண்ணா வச்சு ரெண்டும் அடைகாக்குற சாதின்னு எழுதியிருந்தீங்க. கௌதாரி சரி, எங்க காட்டுலயே முட்டையோட பாத்திருக்கேன். சிப்பிக்கு ஏதுண்ணே அடை? மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடுறீங்களோன்னு தோணுச்சு.

—ஒரு வாசகர்

தம்பி, முடிச்சு கொஞ்சம் லூசாதான் இருக்கு, ஒத்துக்குறேன், ஆனா அடைகாக்குறது உண்மை. நான் சொன்னது நம்ம ஊர் கண்மாய்ல கிடக்குமே அந்தக் கருத்த ஓடு, சயின்ஸ் பேரு லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ், எங்க அம்மா பால் சட்டி அடி சுரண்டுறதுக்கு அடுப்படில ஒண்ணு வச்சிருப்பாங்க. ஆண் சிப்பி விந்தைத் தண்ணில விட்டுரும், பெண் சிப்பி மூச்சுக்குத் தண்ணி இழுக்குறப்ப அதுவும் சேந்து உள்ள போயிரும். முட்டை வளருறது செவுளுக்குள்ளயே. மூச்சு விடுறது, சோறு சலிச்சு எடுக்குறது, புள்ள வளக்குறது மூணுக்கும் அந்த ஒரே செவுளுதான், நம்ம ஊர்ல ஒத்த ரூம் வீட்டுல குடும்பம் நடத்துறவங்கள நெனச்சுக்கோங்க.

கௌதாரிக்குத் தரையில ஒரு சின்னக் குழி, நாலஞ்சு புல்லு, அவ்வளவுதான் கூடு. ஆறேழு முட்டை, பதினெட்டு பத்தொம்பது நாள் அடை. பொரிச்ச அன்னிக்கே குஞ்சு எந்திரிச்சு அம்மா அப்பா பின்னாடியே ஓடும், கரையான் பொறுக்கும். (இதோட சயின்ஸ் பேர்ல பாண்டிச்சேரி இருக்கு தெரியுமா, 1789ல வச்சது, பாண்டிசெரியானஸ்.)

நான் ‘ரெண்டும் ஒண்ணு’ங்கிற மாதிரி எழுதுனதுல தப்பு இங்கதான். சிப்பிக் குஞ்சு வெளிய வந்தா பின்னாடி போறதுக்கு அம்மா நடக்காது, அதுவும் ஓடாது, மணல் மாதிரி பொடிசா இருக்குற அது ஏதாச்சும் ஒரு மீனோட செவுள்லயோ துடுப்புலயோ கவ்விக்கிட்டு கொஞ்ச நாள் ஓசில சவாரி போயி அப்புறம்தான் உதிந்து சேத்துல செட்டிலாகும், மீன் கிடைக்கலன்னா செத்துரும். அதனால மீன் அத்துப்போன தண்ணில பெரிய சிப்பியா கிடந்தாலும் ஏமாந்துறக் கூடாது, எல்லாம் கெழடு, குட்டி ஒண்ணு கூட இருக்காது. கௌதாரி இல்லன்னா காலைல சத்தம் வராது, ஊருக்கே தெரிஞ்சுரும். சிப்பிக்கு ஏது சத்தம்?

ஆமா, நீங்க பாத்த கூட்டுல எத்தன முட்டை இருந்துச்சு? அடுத்த தடவை எண்ணிட்டு எழுதுங்க, ஆனா தூரத்துல நின்னே எண்ணுங்க, கண்ணி வைக்கிற ஆளு யாருகிட்டயும் இடத்தச் சொல்லிராதீங்க.