தட்டினால் கால் ஏன் துள்ளுகிறது? மூளையும் தண்டுவடமும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார்களே, எதற்கு? எனக்குத் தட்டியபோது கால் அசையவே இல்லை. பயப்பட வேண்டுமா?

பதில்: தட்டுவது எலும்பில் அல்ல, முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணில். அது அமுங்கும்போது முன்தொடைத் தசை சட்டென்று இழுபடும். தசைக்குள் இருக்கும் இழுவை உணரிகள் அந்தச் செய்தியைத் தண்டுவடத்துக்கு, முக்கியமாக எல்3, எல்4 என்ற கீழ்முதுகு நரம்புகள் கிளம்பும் இடத்துக்கு, அனுப்பும். அங்கே முன்தொடைக்குப் போகும் வழியில் ஒரே ஒரு நரம்புச் சந்திப்புதான். முன்தொடைக்குச் சுருங்கு என்றும், இடையில் நிற்கும் ஒரு தடுப்பு நரம்பணு வழியாகப் பின்தொடைக்குத் தளர் என்றும் உத்தரவு போய்விடும். மூளைக்குத் தகவல் அப்புறம்தான். ஆக, ஒரு தட்டில் நரம்பு, தண்டுவடத்தின் அந்த மட்டம், தசை மூன்றையும் சோதித்துவிடலாம்.

துள்ளவில்லை என்றால் காலைத் தொங்கவிட்டு உட்காருங்கள். இரு கை விரல்களையும் கொக்கி போலக் கோத்து வெளிப்பக்கமாக இழுங்கள். இழுக்கும்போதே தட்டச் சொல்லுங்கள். பலருக்கு அப்போது துள்ளும். இரண்டு காலிலும் ஒரே மாதிரி மந்தமாக இருந்து, பலமும் உணர்வும் சரியாக இருந்தால் கவலை வேண்டாம். ஒரு காலில் மட்டும் இல்லை என்றால் விடாதீர்கள், காட்டிவிடுங்கள்.

கேள்வி: அனிச்சைச் செயல் நம் கட்டுப்பாட்டில் இல்லை என்று பள்ளியில் படித்தோம். ஆனால் குழந்தை பக்கத்தில் நிற்கிறது என்றால் கொதிக்கிற பாத்திரத்தைக் கீழே போடாமல் மேடை வரை கொண்டுபோய்விடுகிறோமே?

பதில்: பள்ளிப் பாடம் பாதிதான் சொன்னது. சுடும் பொருளிலிருந்து கையை இழுக்கும் நரம்புச் சுற்று தண்டுவடத்தில் இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கும் நார்கள் அதைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். மூளை முன்கூட்டியே "விடாதே" என்று சொல்லி வைத்திருந்தால் சுற்று அடங்கிப் போகும். எதிர்பாராமல் சுட்டால் அந்த அவகாசம் இல்லை.

கேள்வி: அப்பாவுக்கு மூளையில் இடப்பக்கம் அடைப்பு, வலக் கையும் காலும் விழுந்துவிட்டன. முதலில் துணி போலத் துவண்டு கிடந்த கை, இப்போது மடங்கி விறைக்கிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: மருந்தால் அல்ல. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் அசைவு நார்களில் சுமார் 90 சதவீதம் முகுளத்தின் அடியில் பக்கம் மாறுகின்றன. அதனால்தான் இடப்பக்க அடைப்புக்கு வலப்பக்கம் பாதிக்கிறது. மேலிருந்து வரும் கட்டுப்பாடு அறுந்ததும் கீழுள்ள சுற்றுகள் சில நாளோ சில வாரமோ ஊமையாகும், பிறகு மிகையாகத் துடிக்கும். விறைப்பு என்பது இந்த இரண்டாம் கட்டம்.

இந்த விறைப்பு வேகத்தைப் பொறுத்தது. முழங்கையை வெடுக்கென்று நீட்டினால் பூட்டிக்கொள்ளும். மெல்ல நீட்டி, அரை நிமிடம் பிடித்திருந்தால் இளகும். எழுப்பும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவும். விறைப்பைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரை கொடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம்.

கேள்வி: தம்பிக்குக் கழுத்தில் அடிபட்டு கால்கள் செயலிழந்தன. நேற்று போர்வை பட்டதும் கால் வெடுக்கென்று மடங்கியது. குணமாகிறதா டாக்டர்?

பதில்: வீட்டார் அதிகம் ஏமாறும் இடம் இது. அடிபட்ட இடத்துக்குக் கீழே தண்டுவடம் செத்துவிடவில்லை. தொட்டால் காலை மடக்கும் சுற்று அங்கேயே இருக்கிறது, அதற்கு மூளை தேவையில்லை. எதுவும் மேலே படாதபோது, கால் கட்டைவிரலை அசைக்கச் சொல்லுங்கள். சொல்லும்போதெல்லாம் அசைந்தால், நிறுத்தச் சொன்னதும் நின்றால், அதுதான் மருத்துவரிடம் ஓடிச் சொல்ல வேண்டிய செய்தி.

துடிப்பு திடீரென்று அதிகமானால் காரணம் தேடுங்கள்: நிறைந்த சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த நகம். அவருக்கு வலி தெரியாது, தண்டுவடத்துக்குத் தெரியும்.

இன்னொன்று. நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இதே காரணங்களால் ரத்த அழுத்தம் எகிறலாம். மண்டை வெடிக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது அடையாளம். வழக்கமான அளவைவிட 20 கூடினாலே உஷாராக வேண்டும். படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், சிறுநீர் வடியும் கதீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: நடப்பதற்கும் மூளை வேண்டாமா?

பதில்: தாளத்துக்கு வேண்டாம். மூளையின் தொடர்பைத் துண்டித்த பூனைகளின் தண்டுவடமே மாற்றி மாற்றி அடியெடுக்கும் தாளத்தை எழுப்பும் என்று உடலியல் ஆய்வாளர் கிரஹாம் பிரவுன் 1911-இல் காட்டினார். கிளம்புவதற்கும் திரும்புவதற்கும் விழாமல் இருப்பதற்கும் மூளை வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்குக் கை நடுக்கம். பார்க்கின்சனா, சிறுமூளைக் கோளாறா?

பதில்: கை மடியில் சும்மா இருக்கும்போது நடுங்கி, டம்ளரை எடுக்கப் போனதும் குறைந்தால் பார்க்கின்சன் பக்கம் சந்தேகம். சும்மா இருக்கையில் அமைதியாக இருந்து, டம்ளரை நெருங்க நெருங்க ஆட்டம் கூடினால் சிறுமூளை. வேறு நடுக்கங்களும் உண்டு, நரம்பியல் மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும். பார்க்கின்சன் என்று உறுதியாகி, வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிட்டால், தரையில் ஓர் அடி தூரத்துக்கு ஒன்றாகக் குறுக்கே கலர் டேப் ஒட்டிப் பாருங்கள். கோட்டைத் தாண்டச் சொன்னால் பலருக்குக் கால் கிளம்பிவிடும்.