ஊர்ப்பகைக் காதல் படங்களில் திருவிழாப் பாட்டு ஏன் தவறாமல் வருகிறது?

பகை இருக்கும் இரண்டு ஊர்க்காரர்கள் வேறு எங்கே சேர்ந்து நிற்பார்கள், சொல்லுங்கள்? பேச்சுவார்த்தையே இல்லாத இடத்தில் பையனும் பெண்ணும் பார்த்துக்கொள்ளத் திருவிழாக் கூட்டம்தான் வழி, வாய்விட்டுப் பேச முடியாததைப் பாட்டு சொல்லிவிடுகிறது, அடுத்த காட்சி வெட்டுக்குத்துக்கும் அதே கூட்டம் உதவும். எனக்கு ஒரே குறை, பெரும்பாலும் மதுரைப் பக்கமே போய் ஜல்லிக்கட்டு, உறுமி மேளம் என்று நின்றுவிடுகிறார்கள். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழா உண்டு. ஓடும் காளையின் கொம்பில் கட்டிய அலங்காரத் தட்டியைப் பறிக்கப் பையன்கள் பாய்வார்கள், ஊர் மானமே அதில்தான். அப்புறம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து, விடிய விடிய முகவீணை என்ற சின்ன ஊதுகுழலும் மத்தளமும், கடைசியில் துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளம். பங்காளிச் சண்டைக் கதைக்கு வேறென்ன பின்னணி வேண்டும்? பம்பை மேளச் சத்தத்தில் ஒரு காதல் பாட்டு யாராவது போட்டால் முதல் நாளே போய்விடுவேன்.