இடம் மாறிய புத்தகம் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

இலக்கியத்தில் முதுகலை முடித்தவள் நான். சில மாதங்களுக்கு முன் ஒரு பொது நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். புத்தகங்களுக்கு நடுவே இருக்கலாம், நிறைய வாசிக்கலாம் என்று நம்பித்தான் வந்தேன். ஒரு பக்கம்கூட வாசிக்க முடிவதில்லை. காலையில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குகிறேன், மதியத்துக்குள் வாசகர்கள் கலைத்துவிடுகிறார்கள். "நீல அட்டை போட்ட புத்தகம், போன தடவை இங்கேதான் இருந்தது" என்று கேட்கிறார்கள். சிலர் வந்து தூங்கிவிட்டுப் போகிறார்கள். கிழிந்த பக்கங்களுக்கு செலோடேப் ஒட்டியே கை மரத்துவிட்டது. சென்ற வாரம் பழைய புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக் கழித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அடுக்கு கலைந்தால் கலைந்துவிட்டுப் போகிறது, கம்ப்யூட்டரில் இருக்கிறதல்லவா" என்கிறார் உடன் வேலை செய்பவர்.

எல்லாம் போனில் கிடைக்கும் காலத்தில் இந்த வேலைக்கு அர்த்தம் உண்டா? படிப்புக்கேற்ற வேறு வேலை தேடிக்கொள்ளலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

போனைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். அதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். உங்கள் நூலகத்துக்கு ஆட்கள் வருகிறார்கள், கேட்கிறார்கள், கலைக்கிறார்கள். யாரும் வராத நூலகத்திலிருந்து இப்படி ஒரு கடிதம் வராது.

உடன் வேலை செய்பவர் சொன்னதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "கம்ப்யூட்டரில் இருக்கிறதல்லவா" என்று, அதுதான் என்னை உட்காரவைத்து எழுதச் செய்கிறது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனதில் இருந்தது.

முதலில் அந்தப் "படிப்புக்கேற்ற வேலை". அடுக்குவது படிக்காதவர் செய்யும் வேலை என்ற நினைப்பு உங்கள் கடிதம் முழுக்க ஓடுகிறது. எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போன புதிதில், அந்தத் தனிமை பிடிக்காமல், திரும்ப வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். அவர்தான் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது மூன்றாவது விதி. வாசகரின் நேரத்தைச் சேமி என்பது நான்காவது. இந்த இரண்டு விதிகளும் நிறைவேறுவதோ தோற்பதோ நீங்கள் அலுத்துக்கொள்ளும் அந்த ரேக்குக்கு முன்னால்தான்.

வாசகர்கள் கலைக்கிறார்கள் என்கிறீர்கள். கலைக்கவிடாமல் செய்வது சுலபம். அலமாரியைப் பூட்டி, சீட்டு எழுதிக் கொடுத்தால் எடுத்துத் தருவோம் என்று சொல்லிவிடலாம். நீண்ட காலம் நூலகங்கள் அப்படித்தான் இருந்தன. அலமாரியைத் திறந்துவைத்தால்தான், தேடி வராத ஒரு புத்தகம் வாசகர் கண்ணில் படும், அதற்கு ஓர் ஆள் கிடைப்பார். மூன்றாவது விதியை வைத்து ரங்கநாதன் திறந்த அலமாரிக்காக வாதாடியது இதனால்தான். திறந்துவைத்தால் கலையும். கலைவதைத் தினமும் சரிசெய்ய ஓர் ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் திறந்தே வைக்கிறோம். அந்த ஆள் நீங்கள்.

இப்போது ஒரே ஒரு புத்தகம் இடம் மாறினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கம்ப்யூட்டர் "உள்ளது" என்கிறது. வாசகர் ரேக்கில் பார்க்கிறார், இல்லை. உங்களிடம் வருகிறார், நீங்களும் பார்க்கிறீர்கள், இல்லை. "யாராவது படித்துக்கொண்டிருப்பார்கள், நாளைக்கு வாருங்கள்" என்கிறீர்கள். நாளைக்கும் இருக்காது. மூன்றாவது நாள் அவர் வரமாட்டார். வாங்கும் பட்டியல் தயாராகும்போது, அடிக்கடி கேட்கிறார்கள் என்று அதே நூலுக்கு இன்னொரு பிரதி வாங்குவார்கள். அதே கட்டிடத்தில் நாலு ரேக் தள்ளி முதல் பிரதி உட்கார்ந்திருக்கும். யார் கண்ணிலும் படாததால் இரவல் போகாது. இரவல் போகாத நூல்களைக் கழிக்கப் பட்டியல் எடுக்கும்போது அதன் பெயர் முன்னால் வந்து நிற்கும். நீங்கள் அழுதீர்களே, அந்தப் பெட்டிகளில் எத்தனை புத்தகங்கள் இப்படி வந்து விழுந்தவையோ. அடுக்கு கலைந்தால் கலைந்துவிட்டுப் போகிறது என்று சொல்கிறவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். திருடுபோன புத்தகத்தையாவது ஒருவர் வாசிக்கிறார். இடம் மாறிய புத்தகம் யாருக்கும் இல்லை.

கலைப்பவர்கள் வாசகர்கள் மட்டும்தானா? பாதிக் குழப்பத்தை நூலக ஆட்களே செய்கிறார்கள், அதுவும் பகுப்பு எண்ணைத் தப்பாக வாசித்து. நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி பகுப்பில் தமிழ்ப் புனைகதைக்கு 894.8113. மலையாள இலக்கியத்துக்கு 894.812. எது முன்னால் வரும்? புதிதாக வருபவர் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை எட்டாயிரத்து நூற்றுப் பதின்மூன்று, எண்ணூற்றுப் பன்னிரண்டு என்று வாசிப்பார். எட்டாயிரம்தானே பெரிது என்று தமிழ் நாவலை மலையாளத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பார். புள்ளிக்குப் பின்னால் ஒவ்வோர் இலக்கமாகத்தான் ஒப்பிட வேண்டும். எட்டும் எட்டும் சமம். ஒன்றும் ஒன்றும் சமம். மூன்றாவது இடத்தில் இங்கே 1, அங்கே 2. அங்கேயே தீர்ந்தது, 894.8113 முன்னால். அதற்கு அப்புறம் எத்தனை இலக்கங்கள் இருந்தாலும் பொருட்டில்லை. அதேபோல 510.78 வந்த பிறகுதான் 510.8 வரும். வெறும் 510 இரண்டுக்கும் முன்னால் வரும். வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே பத்துப் பழைய புத்தகங்களைக் கொடுத்து மேசைமேல் வரிசைப்படுத்தச் சொல்ல வேண்டும். பட்டம் பெற்றவர்களும் இதில் தடுக்கி விழுவார்கள்.

அடுத்தது ஆசிரியர் பெயர். முதலெழுத்துகளோடு எழுதும் பெயரை ஒருவர் முதலெழுத்தின் கீழ் வைப்பார், இன்னொருவர் பெயரின் கீழ் வைப்பார். ஒரே எழுத்தாளரின் நாவல்கள் இரண்டு ரேக்குகளில் பிரிந்து கிடக்கும். புனைபெயரும் இயற்பெயரும் சேர்ந்தால் மூன்று ரேக். இரண்டில் எந்த வழியும் தப்பில்லை, ஏதாவது ஒன்றை முடிவுசெய்து எழுதி ஒட்டிவைக்காததுதான் தப்பு. முதுகில் ஒட்டும் லேபிளிலும் பட்டியலிலும் அதே வழிதான் இருக்க வேண்டும்.

அடுக்கைச் சரிபார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நூலகம் திறப்பதற்கு முன் இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. அதற்கு மேல் கண் எண்களைப் பார்க்கும், மனம் வாசிக்காது. தப்பு கண்முன்னால் கடந்துபோகும். ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டு, எங்கே நிறுத்தினீர்கள் என்று தேதியோடு குறியுங்கள். முதல் சுற்றில் பகுப்பு எண்ணை மட்டும் பாருங்கள். இரண்டாவது சுற்றில் ஆசிரியர் எழுத்து. இரண்டையும் ஒரே சமயத்தில் பார்த்தால் இரண்டும் தப்பும். புத்தகங்களைத் தட்டின் விளிம்புக்கு இழுத்து நேராக்கிக்கொண்டே போங்கள். பின்னால் விழுந்து கிடப்பவை அப்போதுதான் கையில் தட்டுப்படும். மெல்லிய புத்தகங்கள் இரண்டு தடித்தவற்றுக்கு நடுவே முதுகே தெரியாமல் ஒளிந்திருக்கும், விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கீழ்த்தட்டை நின்றுகொண்டு பார்க்காதீர்கள். குனிய வேண்டாம், உட்கார்ந்து பாருங்கள், முதுகுவலி வராது.

ஒரு தட்டில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. இறுக்கி அடுக்கிய தட்டிலிருந்து எடுத்த புத்தகத்தை வாசகரால் திரும்ப நுழைக்க முடியாது. வரிசைக்கு மேலே படுக்கவைப்பார், இல்லையென்றால் அடுத்த தட்டில் செருகுவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? இறுக்கமான தட்டில் எடுக்கும்போதே மேல் விளிம்பில் விரலை மாட்டி இழுப்பார்கள், முதுகுத் துணி தலைப்பக்கத்தில் கிழியும். இருபக்கத்துப் புத்தகங்களையும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, நடுவே பிடித்து எடுக்க வேண்டும். நீங்கள் அப்படி எடுப்பதைப் பார்த்தாலே சிலர் கற்றுக்கொள்வார்கள்.

திரும்பி வந்தவற்றை வண்டியில் ஏற்றும்போதே எண் வரிசையில் ஏற்றுங்கள். கண்டபடி ஏற்றிக்கொண்டுபோனால் ஒரே ரேக்குக்கு ஐந்து முறை நடப்பீர்கள். கால் வலித்தால் கை அவசரப்படும், அவசரத்தில்தான் தப்பான இடத்தில் செருகுவோம். கீழ்த்தட்டில் முதலில் ஏற்றுங்கள். மேல்தட்டு மட்டும் நிறைந்த வண்டி திருப்பத்தில் சாயும்.

வாசகர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எடுத்ததைத் திரும்ப வைக்காதீர்கள், மேசைமேலேயே விட்டுவிடுங்கள். கண்ணில் படும் இடத்தில் எழுதிவையுங்கள். நல்ல பழக்கம் உள்ளவர்கள்தான் இதில் அதிகக் கெடுதல் செய்கிறார்கள். ஒழுங்காகத் திரும்ப வைக்கிறோம் என்று நினைத்து பக்கத்து இடைவெளியில் வைத்துவிடுவார்கள். மேசைமேல் கிடப்பவற்றை ரேக்குக்குக் கொண்டுபோகும் முன் ஒவ்வொன்றின் பார்கோடையும் வாசித்து, உள்ளே பயன்பட்டது என்று பதியுங்கள். அகராதியையும் வரைபட நூலையும் யாரும் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. இந்தப் பதிவு இல்லையென்றால் அவை யாருமே தொடாத நூல்களாகக் கணக்கில் நிற்கும்.

காணாமல்போனதைத் தேடவும் வரிசை உண்டு. அதே தட்டு, மேல்தட்டு, கீழ்த்தட்டு, வரிசைக்குப் பின்புறம். பிறகு எண்ணில் இலக்கத்தை இடம் மாற்றிப் பாருங்கள், 598-ல் இல்லாதது 589-ல் இருக்கும். பிறகு அதே உயரமும் அதே நிறமும் உள்ள தொகுதி நூல்களின் நடுவே. பிறகு வண்டி, காட்சித் தட்டு, பழுதுபார்க்கும் மேசை. கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டரில் "தேடப்படுகிறது" என்று அன்றைய தேதியோடு மாற்றுங்கள். வெறுமனே "உள்ளது" என்று விட்டுவைப்பது அடுத்து வருபவரிடம் பொய் சொல்வது. சில வாரம் விட்டு இரண்டாவது முறை வேறொருவர் தேட வேண்டும். தேடிய கண் முன்பு தவறவிட்ட இடத்திலேயே மறுபடியும் தவறவிடும்.

கழித்ததற்காக அழுததைப் பற்றி: அழாதீர்கள். காலாவதியான மருத்துவ நூலும் மாறிப்போன சட்ட நூலும் ரேக்கில் இருப்பது வாசகருக்குக் கெடுதல். பூஞ்சை பிடித்த ஒன்று பக்கத்தில் உள்ளதையும் கெடுக்கும். இரவல் போகவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கழிக்கும் நூலை மட்டும், இத்தனை நாள் தன் இடத்தில்தான் இருந்ததா என்று கேட்டுவிட்டுக் கழியுங்கள். பட்டியலோடு ரேக்குக்குப் போனால் தெரிந்துவிடும்.

செலோடேப்பை இன்றோடு நிறுத்துங்கள். சில ஆண்டுகளில் பிலிம் உரிந்து விழும், பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கி நிற்கும், பக்கத்துப் பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் போதும். பசையை மிகக் கொஞ்சமாகத் தடவி, இருபுறமும் மெழுகுத்தாள் வைத்து, காயும்வரை கனத்துக்கு அடியில் வையுங்கள்.

நீல அட்டைக்காரர்களிடம் சலித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. மனிதர்கள் தங்களுக்கு வேண்டியதை முதல் கேள்வியில் சொல்வதில்லை. எங்கே பார்த்தீர்கள், எதற்காக வேண்டும், அதில் எது நினைவிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மருத்துவப் புத்தகம் எங்கே என்று கேட்பவரிடம் மட்டும் "எதற்காக" என்று கேட்காதீர்கள். "எந்த மாதிரித் தகவல் வேண்டும்" என்று, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காத குரலில் கேளுங்கள். கேட்பவர் வீட்டில் யாருக்கு என்னவோ. தூங்குகிறவர் தூங்கட்டும். ஒன்றும் வாங்காமல், யாருக்கும் கணக்குச் சொல்லாமல் உட்கார இடம் தருவதும் பொது நூலகத்தின் வேலைதான். அவர் நன்றாக இருக்கிறாரா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். எழுப்ப வேண்டியிருந்தால் மேசையைத் தட்டுங்கள், ஆளைத் தொடாதீர்கள்.

வேலையை விடுவதா வேண்டாமா என்பதை இப்போது முடிவுசெய்யாதீர்கள். அதிகம் இரவல் போகும் பகுதி ஒன்றை எடுத்து, முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டுவரை சரிபார்த்து முடியுங்கள். எத்தனை புத்தகங்கள் இடம் மாறிக் கிடந்தன, அவற்றில் எத்தனை தொலைந்தவை பட்டியலில் இருந்தன, எத்தனைக்கு இரண்டாவது பிரதி வாங்கியிருக்கிறார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கோடு அடுத்த கடிதம் எழுதுங்கள்.