மனைவி வீட்டுக் குலச்சின்னத்தைக் கடைப் பலகையில் போடலாமா?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். கிளாஸ்கோவில் கொத்துரொட்டிக் கடை திறக்கவிருக்கிறேன். மனைவி ஸ்காட்லாந்துக்காரர், பிறந்த வீட்டுப் பெயர் மக்லௌட். எடின்பரோவில் ஒரு நினைவுப்பொருள் கடையில் ‘மக்லௌட் குடும்பச் சின்னம்’ என்று கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்றை வாங்கினோம். நடுவில் காளைத் தலை, சுற்றிலும் ‘ஹோல்ட் ஃபாஸ்ட்’, அதாவது ‘இறுகப் பற்று’ என்ற வாசகம். நம் நந்தியைப் போல இருப்பதால் எனக்கும் பிடித்துவிட்டது. இதைப் பெயர்ப்பலகையில் போடலாமா? உணவுப் பட்டியல் 500 ஏற்கெனவே அச்சாகிவிட்டது. லண்டனில் இருக்கும் மைத்துனர், ‘யார் வந்து கேட்கப் போகிறார்கள்?’ என்கிறார். பத்து வயது மகனுக்கு இந்தச் சின்னம் உரிமையாக வருமா?

பதில்: பலகை எழுதுபவரிடம் முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே தொலைபேசியில் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நீங்கள் அனுப்பிய புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காளைத் தலையின் இருபுறமும் சிவப்புக் கொடிகள். அவற்றைச் சுற்றி ஒரு தோல் பட்டை வளைந்து வந்து கொக்கியில் மாட்டியிருக்கிறது. வாசகம் அந்தப் பட்டையின் மேல் எழுதப்பட்டிருக்கிறது. இங்கே முக்கியமானது காளை அல்ல, அந்தப் பட்டைதான். உள்ளே இருக்கும் உருவம், ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டையில் இருக்கும் மக்லௌட் குலத் தலைவருடையது. பட்டைக்குள் அதைப் போட்டு அணிபவர், ‘நான் இந்தத் தலைவரின் ஆள்’ என்று சொல்கிறார். ‘இது என்னுடையது’ என்று சொல்லவில்லை. உங்கள் மனைவி இதைத் தொப்பியிலோ சட்டையிலோ தாராளமாகக் குத்திக்கொள்ளலாம். தாய்வழியில் அந்தக் குலத்தோடு தன்னைச் சேர்த்துக்கொண்டால் மகனும் அணியலாம். அணிவதற்கு மேல் அதில் அவர்களுக்கு எதுவும் இல்லை. மகனுக்கு வாரிசுரிமையாக வருவதற்கும் ஒன்றுமில்லை. ஒரு வியாபாரத்தின் அடையாளமாகப் பலகையில் ஏற்றும்போது, தலைவரின் சொத்தை நீங்கள் எடுத்து ஆள்கிறீர்கள்.

‘குடும்பச் சின்னம்’ என்ற பெயர்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். குலச்சின்னம் ஒரு குடும்பப் பெயருக்கு வழங்கப்படுவதே இல்லை. ஓர் ஆளுக்கு வழங்கப்படுகிறது, அவருடைய வாரிசுக்குப் போகிறது. ஊரில் உங்கள் பெயரே உள்ள இன்னொருவரின் காணி உறுதியில் உங்களுக்குப் பங்கு கேட்பீர்களா? அப்படித்தான் இதுவும். கடைக்காரர் விற்றது படத்தை, உரிமையை அல்ல.

மைத்துனர் சொல்வது லண்டனுக்கு ஓரளவு பொருந்தும். இங்கிலாந்தில் இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் வீரமரபு நீதிமன்றம், ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு மூடிக் கிடந்த பிறகு 1954இல் ஒரே ஒரு முறை கூடியது. மான்செஸ்டர் மாநகராட்சியின் சின்னத்தை ஒரு நாடக அரங்கம் தன் திரையிலும் முத்திரையிலும் போட்டிருந்தது, மாநகராட்சி வென்றது. அதற்குப் பிறகு அது கூடவில்லை.

உங்கள் கடை இருப்பதோ கிளாஸ்கோவில். ஸ்காட்லாந்தில் குலச்சின்னங்களுக்கென்றே உள்ள லயன் நீதிமன்றம் இன்றும் உயிரோடு இயங்குகிறது, அதற்கென அரசுத் தரப்பு வழக்கறிஞரும் உண்டு. உரிமையில்லாத சின்னத்தைப் பயன்படுத்துவது அங்கே குற்றம். 1672ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் அபராதம் நூறு ஸ்காட்டிஷ் பவுண்டு. இன்றைய பவுண்டில் எட்டுச் சொச்சம்தான், ஒரு தட்டு ஆட்டுக் கொத்துக்கே போதாது. சிரித்துவிட வேண்டாம். சின்னம் பொறித்த அசையும் பொருள்கள் அனைத்தையும் பறிமுதல் செய்யலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. பலகை, தட்டு, பட்டியல் எல்லாம் அதில் அடங்கும்.

பெரிய ஆட்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள். ஃபுளோரிடாவில் மார்-அ-லாகோ மாளிகையை டொனால்ட் டிரம்ப் வாங்கியபோது, அங்கே ஜோசப் டேவிஸ் என்பவருக்கு 1939இல் பிரிட்டனில் வழங்கப்பட்ட சின்னம் இருந்தது. ‘இன்டெக்ரிடாஸ்’, நேர்மை, என்ற அதன் வாசகத்தை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ‘டிரம்ப்’ என்று போட்டுக்கொண்டார். நேர்மையை எடுத்துவிட்டுத் தன் பெயரை வைத்தவரைப் பற்றி நான் தனியாக எதுவும் சொல்லப் போவதில்லை. அமெரிக்காவில் அது செல்லுபடியானது. ஸ்காட்லாந்துக்குக் கோல்ஃப் மைதானம் கட்ட வந்தபோது செல்லுபடியாகவில்லை. 2012இல் புதிதாக ஒரு சின்னத்தை முறைப்படி வாங்க வேண்டியதாயிற்று.

வாசகத்திலும் எல்லைக்கு எல்லை சட்டம் மாறுகிறது. இங்கிலாந்தில் வாசகம் யாருக்கும் தனியுரிமை அல்ல. ஒருவர் நினைத்தால் மாற்றிக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் அது சின்னத்தோடு சேர்த்தே வழங்கப்பட்டுப் பதிவேட்டில் ஏறுகிறது. காளையும் பட்டையும் இல்லாமல், ‘ஹோல்ட் ஃபாஸ்ட்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் சாதாரண எழுத்தில் சுவரில் எழுதினால், என் பார்வையில் அது லயன் நீதிமன்றத்தின் விவகாரம் ஆகாது. வணிகக் குறிப் பதிவேட்டில் வேறு யாராவது அதை உணவகத்துக்குப் பதிந்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

காளை வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. காளை என்ற விலங்கு யாருக்கும் சொந்தமில்லை. குறிப்பிட்ட அமைப்பும் நிறமும்தான் சொந்தம். யாழ்ப்பாண அரசர்களின் காசுகளில் படுத்திருக்கும் நந்தியும் கீழே ‘சேது’ என்ற எழுத்தும் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்காட்லாந்தில் நிரந்தரமாக வாழ்பவர் என்ற முறையில், அங்கே சின்னங்களை வழங்கும் அதிகாரியான லார்ட் லயனிடம் உங்கள் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். படுத்த நந்தியைக் கேளுங்கள். வாசகம் தமிழிலும் இருக்கலாம், இலத்தீன்தான் வேண்டும் என்ற விதி இல்லை. செலவு சில ஆயிரம் பவுண்டு ஆகும், காத்திருக்கவும் வேண்டும். கிடைத்தால் அது மகனுக்கு வாரிசுரிமையாகப் போகும். இன்னொரு பிள்ளை பிறந்தால், அவர் சிறு மாற்றத்தோடு தனியாகப் பதிய வேண்டும்.

கடை திறப்பு அதுவரை காத்திருக்க முடியாது. நீங்கள் அனுப்பிய பட்டியலில் காளைத் தலை வலது மேல் மூலையில் இருக்கிறது, விலை எதுவும் அதன் அருகில் இல்லை. அந்த மூலையை மட்டும் சாய்வாக வெட்டித் தரச் சொல்லி அச்சகத்தில் கேளுங்கள். 500 பட்டியலும் தப்பிவிடும்.