வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு 'டெலிவரி தேதி' என்று மட்டும் எழுதினால் போதுமா?

போதாது. 'டெலிவரி மார்ச் 5' என்று திருப்பூரிலிருந்து எழுதுபவர், தூத்துக்குடியில் சரக்கு கப்பலேறும் நாளை நினைத்திருப்பார். ஹாம்பர்க்கில் படிப்பவரோ தம் கிடங்கில் பெட்டி இறங்கும் நாளாக எடுத்துக்கொள்வார். நடுவே பல வாரக் கடல் பயணம். சென்னையில் படிக்கும் மகனுக்கு ஊறுகாயைப் பஸ்ஸில் ஏற்றியதுமே 'அனுப்பியாயிற்று' என்கிறோம். அவன் கைக்குக் கிடைப்பது மறுநாள்தான்.

எனவே எந்த இடத்தில், எந்த நாளுக்குள் என்று இரண்டையும் எழுதுங்கள்: 'எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, ஆன் ஆர் பிஃபோர் 5 மார்ச்'. எஃப்.ஓ.பி. என்பது 'ஃப்ரீ ஆன் போர்டு', அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றித் தருவது. மாதத்தைக் கட்டாயம் எழுத்தில் எழுதுங்கள். 05/03 என்பது அமெரிக்கருக்கு மே 3.

எஃப்.ஓ.பி.யில் 'ஃப்ரீ' இருப்பதால் கப்பல் கட்டணம் இலவசம் என்று சிலர் நினைக்கிறார்கள். சரக்கு கப்பலேறியதும் விற்பவர் பொறுப்பு முடிகிறது, கடல் கட்டணம் வாங்குபவருடையது.